அந்தோணியாரிடம் நான் கேட்டது பேச்சு

மாதேசு,

நீ கோடு போட்ட தாளில் தமிழில் எழுதி, படமெடுத்து அனுப்பிய கடிதத்தை அக்ரஹாரத்து ஜெராக்ஸ் கடையில் பெரிதாக அச்செடுத்து வைத்திருக்கிறேன். ‘ள’ வர வேண்டிய இடத்திலெல்லாம் ‘ல’ போட்டிருக்கிறாய். ஒரு இடத்தில் கல்யாணத்துக்குக் கால் முளைத்து ‘காலியாணம்’ ஆகியிருக்கிறது. போகட்டும். இருபத்தாறு வயதில், கோயம்புத்தூரில் வேலைக்குப் போய், யாரும் உட்கார வைத்துச் சொல்லித் தராமல் ஒருவன் அ, ஆ எழுதப் பழகியிருக்கிறான் என்றால், அவனுடைய பிழைகளைத் திருத்த எனக்கு மனம் வரவில்லை. தையல் மெஷினை மூடி வைத்துவிட்டு நான்கு முறை படித்தேன். ஐந்தாவது முறை உன் அப்பாவுக்குப் படித்துக் காட்டினேன்.

அதில் இரண்டு கேள்வி கேட்டிருக்கிறாய். உன் பர்ஸில் இருக்கும் அந்தோணியார் படத்தைப் பார்த்துவிட்டு, சுகன்யாவின் அம்மா, “நீங்க கிறிஸ்டியனா தம்பி?” என்று கேட்டாராம். இல்லை என்றாயாம். “அப்புறம் எதுக்கு வருஷா வருஷம் அந்தக் கோயிலுக்குப் போறீங்க?” என்று கேட்டபோது உனக்குப் பதில் தெரியவில்லையாம். இது முதல் கேள்வி. இரண்டாவதை நீ தாளின் அடியில், சின்ன எழுத்தில் எழுதியிருக்கிறாய்: ‘அம்மா, எனக்கு ஏன் தமிழ் சொல்லித் தரவில்லை?’ இரண்டுக்கும் ஒரே பதில்தான். அடுத்த மாதம் உனக்கும் சுகன்யாவுக்கும் கல்யாணம். அந்தப் பதில் தெரியாமல் நீ மணவறையில் உட்காரக் கூடாது. அதனால் ஒளிக்காமல் எழுதுகிறேன்.

நான் பிறந்தது அந்தியூர்ப் பக்கம். பன்னிரண்டாவது வரை தமிழில் படித்தேன். மாதேஸ்வரன் மலைப் பக்கம் கௌதள்ளிக்கு வாக்கப்பட்டு, உன் அப்பாவுக்கு நஞ்சன்கூடு ஃபேக்டரியில் வேலை கிடைத்ததும் மைசூருக்கு வந்தபோது, எனக்குக் கன்னடத்தில் தெரிந்தது காய்கறிகளின் பெயர் மட்டும். நீ பிறந்தாய். கொழுகொழுவென்று, பார்த்தவர்கள் கண் வைக்கிற மாதிரி இருந்தாய். ஒரு வயதில் நடந்தாய். இரண்டு வயதாகியும் பேச்சு வரவில்லை. “ஆம்பளப் பசங்க மெதுவாத்தான் பேசுவாங்க” என்றார்கள். “உன்ற புருசனே நாலு வயசுக்கு மேலதான் வாயத் தொறந்தான்” என்றார் என் மாமியார். மாதேஸ்வரன் மலைக்குக் கூட்டிப் போய் மொட்டை போட்டோம். உன் பெயரே அந்தச் சாமி பெயர்தான். அவன் பார்த்துக்கொள்வான் என்று இருந்தோம். மூன்று வயது முடிந்தது. நீ ‘ப்பா’ என்று ஒரு சத்தம் போடுவாய். அது அப்பாவா, பழமா, பஸ்ஸா என்று எனக்கு மட்டும்தான் தெரியும்.

இப்போது எழுதப்போவதை நான் இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. ஒரு நாள் சாயங்காலம் ஒரு நாய்க்குட்டியைத் துரத்திக்கொண்டு நீ ரோட்டுக்கு ஓடினாய். நான் வாசலிலிருந்து தொண்டை கிழியக் கத்தினேன். நீ திரும்பவே இல்லை. ஒரு ஆட்டோ உன் சட்டை உரச நின்றது. ஆட்டோக்காரர் என்னைத் திட்டியது நியாயம். உன்னை வீட்டுக்குள் இழுத்துக்கொண்டு வந்து, கரண்டிக் காம்பால் கணுக்காலில் அடித்தேன். ஒரு அடி இல்லை, பல அடி. “கூப்பிட்டா திரும்பிப் பாக்க மாட்டியா? அவ்வளவு திமிரா?” என்று கேட்டுக் கேட்டு அடித்தேன். நீ என் வாயையே பார்த்துக்கொண்டு அழுதாய். எதற்கு அடி விழுகிறது என்று உனக்குத் தெரியவில்லை. அது எனக்கும் அன்றைக்குத் தெரியவில்லை. பிடிவாதக்காரப் பிள்ளை என்று பெயர் வைத்துவிட்டேன். அப்படிப் பெயர் வைத்த பிறகு நாம் வேறு எதையும் பார்ப்பதில்லை.

அந்த அழுகையைக் கேட்டு வந்தவர்தான் பக்கத்து வீட்டு ஸ்டெல்லா அக்கா. ஊதுபத்தி உருட்டும் வேலை பார்த்துக்கொண்டிருந்தார். தமிழர்தான், ஆனால் மூன்று தலைமுறையாக மைசூர். அவர் பேச்சில் பாதி கன்னடம். “சும்னிரு மா, கொழந்தய அடிக்காத. அந்தோணியார் கிட்ட ஒரு தடவ கூட்டிட்டு போலாம் பா. அவரு நாக்கு இன்னிக்கும் அழியாம வச்சிருக்காங்க, தெரியுமா? பேச்சு வராத கொழந்தைங்கள அங்கதான் கொண்டு போவாங்க” என்றார். நான் இந்து என்றேன். “அவரு ஜாதி கேக்க மாட்டாரு பா. அங்க வர்றவங்கள்ல பாதி பேரு உங்காளுங்கதான்” என்றார். உன் அப்பாவிடம் சொன்னால் வேண்டாம் என்பார் என்று தெரியும். அவர் காலை ரயிலுக்குப் போன பிறகு, சொல்லாமல் கிளம்பினேன். இதுவும் தப்புத்தான். ஆனால் இந்தத் தப்பை நினைத்து நான் வருத்தப்பட்டதே இல்லை.

ஜூன் மாதத் திருவிழா சமயம். கே.ஆர்.நகர் பஸ்ஸில் உன்னை மடியில் வைத்துக்கொண்டு போனேன். ஏதோ ஒரு காலத்தில், அந்தக் கோயில் இருக்கும் தோரனஹள்ளியில் ஒரு விவசாயி உழும்போது கலப்பையில் ஒரு மரச்சிலை தட்டுப்பட்டதாம், யாரென்று தெரியாமல் பொம்மை என்று நினைத்தாராம், பிறகு அந்தோணியாரே கனவில் வந்து கோயில் கட்டச் சொன்னாராம் என்று ஸ்டெல்லா அக்கா வழியெல்லாம் கதை சொன்னார். இறங்கிப் பார்த்தால் தோரனஹள்ளி ஜனக்கடலாக இருந்தது. முக்காடு போட்ட பெண்கள், பெரிய பொட்டு வைத்த பெண்கள், மொட்டைத் தலையில் சந்தனம் பூசிய குழந்தைகள், குண்டலுபேட்டையிலிருந்து வண்டி பிடித்து வந்த ஒரு பெரிய குடும்பம். கையில் ஒரு குழந்தையோடு சாந்தமாக நிற்கிறார் அந்தோணியார். எனக்கு அவரிடம் எப்படிக் கேட்பது என்று தெரியவில்லை. மெழுகுவர்த்தியை ஏற்றிவிட்டு, தமிழில், வாய்விட்டுக் கேட்டேன்: “சாமி, என் பையனுக்குப் பேச்சு கொடுங்க. அம்மான்னு ஒரு தரம் கூப்பிட்டாப் போதும்.”

வெளியே வந்து மெழுகுவர்த்தி ஏற்றும் இடத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்தோம். நீ தரையில் சிந்தியிருந்த மெழுகைச் சுரண்டி உருண்டை பிடித்துக்கொண்டிருந்தாய். அப்போதுதான், எங்களுக்குப் பத்தடி பின்னால், யாரோ சரவெடி கொளுத்தினார்கள். நான் துள்ளி விழுந்தேன். குண்டலுபேட்டைக் குடும்பத்தின் கைக்குழந்தை வீறிட்டது. சுற்றியிருந்த பிள்ளைகள் எல்லோரும் காதைப் பொத்திக்கொண்டு தாயிடம் ஓடினார்கள். நீ மட்டும் மெழுகு உருட்டிக்கொண்டிருந்தாய். கோபுரத்துப் புறாக்கள் மொத்தமாகக் கிளம்பி, அவற்றின் நிழல் தரையில் ஓடியது. அந்த நிழலைப் பார்த்துத்தான் நீ தலையைத் தூக்கினாய். புறாவைக் காட்டி என்னைப் பார்த்துச் சிரித்தாய். உன் பின்னால் வெடி இன்னும் வெடித்துக்கொண்டிருந்தது.

நான் எழுந்து உன் முதுகுப் பக்கம் போனேன். “மாதேசு” என்றேன். கத்தினேன். கை தட்டினேன். கொண்டுபோயிருந்த எவர்சில்வர் டம்ளரைக் கல்லில் அடித்தேன். பக்கத்திலிருந்தவர்கள் எல்லோரும் திரும்பினார்கள். நீ திரும்பவில்லை. “ஐயோ, அந்தோணியாரே” என்று ஸ்டெல்லா அக்கா வாயைப் பொத்திக்கொண்டார். எனக்கு அழுகை வந்தது, ஆனால் நீ நினைக்கிற காரணத்துக்காக இல்லை. உன் கணுக்கால்தான் கண்ணில் பட்டது. இந்தப் பிள்ளை பிடிவாதக்காரன் இல்லை, இவனுக்குக் கேட்கவில்லை, கேட்காத பிள்ளையைத்தான் நான் அடித்தேன். அந்த இடத்திலேயே உட்கார்ந்து உன் காலைப் பிடித்துக்கொண்டேன். அந்த அழுகை முடிந்ததும் ஒரு தெளிவு வந்தது பார், அதை எப்படிச் சொல்ல? மூன்று வருஷமாக எதோடு மோதுகிறோம் என்று தெரியாமல் இருந்தேன். அன்றைக்கு அதற்கு ஒரு பெயர் கிடைத்தது. பெயர் தெரிந்தால் மேற்கொண்டு நடக்கலாம்.

அன்றைக்கு உன் அப்பாவிடம் சொன்னேன். “என்ற பையனுக்குக் காது கேக்குலைன்னு ஆருடி சொன்னது? அந்தக் கோயில்ல சொன்னாங்களா?” என்று எகிறினார். யாரும் சொல்லவில்லை, நானே பார்த்தேன் என்றேன். ஐந்து நாள் என்னோடு பேசவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலை, நீ நடுவீட்டில் தீப்பெட்டியைக் கார் ஓட்டிக்கொண்டிருந்தாய். அவர் சமையற்கட்டிலிருந்து பித்தளைக் குடத்தை எடுத்துக்கொண்டு போய், உன் பின்னால் நின்று, இடுப்பு உயரத்திலிருந்து சிமெண்டுத் தரையில் போட்டார். தெருவே எட்டிப் பார்த்தது. நீ கார் ஓட்டினாய். குடத்தை எடுத்து, இன்னொரு தரம் போட்டார். மூன்றாவது தரம் தூக்கியவர் போடவில்லை. குடத்தை மடியில் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டார். கொஞ்ச நேரம் கழித்து, “ஆஸ்பத்திரி எங்கடி இருக்குது? நாளைக்கு லீவு சொல்லிட்றன்” என்றார். உன்மேல் சந்தேகப்பட்டு அவர் குடத்தைப் போட்டதாக நினைக்காதே மாதேசு. என் வாய்ச்சொல்லைக் கேட்டு உன்னைச் செவிடு என்று ஒத்துக்கொள்ள அவருக்கு மனம் வரவில்லை. தன் காதால் கேட்ட பிறகு ஒரு நாள்கூடத் தாமதிக்கவில்லை.

காது, பேச்சு இரண்டுக்குமே பெரிய ஆஸ்பத்திரி மைசூரிலேயே இருந்தது. பஸ்ஸில் அரை மணி நேரம். மலை ஏறினோம், மொட்டை போட்டோம், நாற்பது கிலோமீட்டர் தாண்டி தோரனஹள்ளி போனோம், பக்கத்தில் இருந்ததைத் தெரியாமல் இருந்தோம். அங்கே பரிசோதித்துவிட்டு, நெஞ்சில் மாட்டுகிற காது மிஷின் கொடுத்தார்கள். இரண்டு காதுக்கும் ஒயர் போகும். மாட்டிய மறுநிமிஷம் பேசிவிடுவாய் என்று நினைத்தேன். “இனிமேல்தான் அவன் பிறந்திருக்கிறான் என்று வைத்துக்கொள்ளுங்கள்” என்றார் அங்கிருந்த மேடம். என்னைக் கூப்பிட்டு, “மனேலி யாவ பாஷெ?” என்று கேட்டார். வீட்டில் தமிழ், வெளியே கன்னடம் என்றேன். இந்தக் குழந்தைக்கு முதலில் ஒரு பாஷை உறுதியாக வேண்டும், இரண்டைக் கலந்தால் குழம்பிப் போவான், எது என்று நீங்களே முடிவு பண்ணுங்கள் என்றார். அந்தக் காலத்தில் அப்படித்தான் சொல்வார்கள். அவர் தமிழை விடு என்று சொல்லவில்லை. முடிவு பண்ணியது நான்.

தெருவில் விளையாடும் பிள்ளைகள் கன்னடம். போகப்போகிற பள்ளிக்கூடம் கன்னடம். கடைக்காரர், கண்டக்டர், டாக்டர் எல்லாம் கன்னடம். எனக்காக ஒரு பாஷை, ஊருக்காக ஒரு பாஷை என்று இரண்டு வைத்துக்கொள்ள உனக்கு வசதி இல்லை. நீ என்னோடு மட்டும் பேசினால் போதாது, ஊரோடு பேச வேண்டும் என்று நினைத்தேன். “கன்னடம்” என்றேன். சொல்லிவிட்டு வெளியே வந்த பிறகுதான் புரிந்தது, எனக்கே கன்னடம் சரியாகத் தெரியாது! அந்த வகுப்பில் பிள்ளைகள் முன்னால் உட்காருவார்கள், அம்மாக்கள் பின்னால். நீ ‘ஏனு, யாரு, எல்லி’ கற்றுக்கொண்ட அன்றைக்குத்தான் நானும் கற்றுக்கொண்டேன். நாம் இரண்டு பேரும் ஒரே வகுப்பு. வீட்டில் உன் அப்பாவும் நானும் உன் முன்னால் தமிழ் பேசக் கூடாது என்று சட்டம் போட்டேன். கோபம் வந்தால் மொட்டை மாடிக்குப் போய்த் தமிழில் சண்டை போட்டுவிட்டு, இறங்கி வந்து கன்னடத்தில் சாப்பிட்டோம்.

இன்னொரு தப்பும் செய்தேன். அந்த மிஷின் வெளியே தெரியக் கூடாது என்று, உன் எல்லாச் சட்டைக்கும் உள்பக்கம் பை வைத்துத் தைத்தேன். தையல்காரி மூளை. மூன்று மாதம் கழித்து அந்த மேடம் கண்டுபிடித்து, மிஷினைத் தன் காதில் வைத்து, என்னையும் கேட்கச் சொன்னார். துணி உரசுகிற சத்தம், கரகரவென்று, மழையில் தகரம் மாதிரி. மூன்று மாதம் நீ என் குரலைக் கேட்கவில்லை, என் வெட்கத்தைத்தான் கேட்டிருக்கிறாய். அன்றைக்கே உட்கார்ந்து எல்லாப் பையையும் பிரித்து வெளியே தைத்தேன், சிவப்புத் துணியில். இப்போது நீ காதுக்குப் பின்னால் மாட்டுகிற சின்ன மிஷினை, முடியை நீளமாக வளர்த்து மறைக்கிறாய். கல்யாணத்தன்று முடியை ஒட்ட வெட்டிக்கொள். போட்டோவில் அதுவும் விழட்டும்.

வகுப்புக்குப் போக ஆரம்பித்து ஒரு வருஷம் ஆகப்போகும் சமயம், நீ டம்ளரை நீட்டி, “நீரு” என்றாய். முதல் வார்த்தை. நான் குழாயடியிலேயே நின்றுவிட்டேன். உன் அப்பா ஓடி வந்து, “என்ன சொன்னான்? என்ன சொன்னான்?” என்றார். திரும்பவும் சொன்னாய். அவர் என்னைப் பார்த்து, “ஏண்டி, நீருன்னா நம்ம பாசைலயும் நீருதானே?” என்று கேட்டார். அன்றைக்குச் சட்டத்தை மீறி அவர் தமிழ் பேசியதற்கு நான் ஒன்றும் சொல்லவில்லை. அந்த ஜூன் மாதம் மூன்று பேருமாகத் தோரனஹள்ளி போனோம். அப்புறம் ஒரு வருஷமும் விட்டதில்லை.

இது அற்புதமா என்று கேட்டால், எனக்குத் தெரியாது. நான் பேச்சைக் கேட்டேன். எனக்குக் காது காட்டப்பட்டது. மீதி வேலையை மனிதர்கள் செய்தார்கள்: அந்த மேடம், ஸ்டெல்லா அக்கா, உன் அப்பா, எல்லோரையும்விட நீ. ஆனால் அந்த வாசலில்தான் நான் உன்னைச் சரியாகப் பார்த்தேன். அதற்கு நன்றி சொல்லப் போகிறேன். நாம் மதம் மாறவில்லை, மாதேஸ்வரன் மலைக்குப் போவதையும் விடவில்லை. சுகன்யாவின் அம்மாவிடம் இதை நீயே சொல். சுகன்யாவை விட்டுச் சொல்ல வைக்காதே. உன் தமிழில், திக்கித் திக்கி, நீயே சொல்.

இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். நான்கு வயதில் உனக்குத் தமிழ் கொடுக்காதது சரி. இன்றைக்குக் கேட்டாலும் அதைத்தான் செய்வேன். ஆனால் உனக்குப் பதினோரு வயதில், கௌதள்ளியில் உன் சித்தப்பா கல்யாணத்தில் நடந்தது சரியில்லை. பந்தியில் பிள்ளைகள் தமிழில் சிரித்துப் பேசுவதைப் பார்த்துக்கொண்டே இருந்தாய். பிறகு என்னிடம் ஓடி வந்து, பெருமையாக, “அம்மா, சாப்ட்டாச்சா?” என்றாய். அவர்கள் வாயைப் பார்த்து நீயாகப் பிடித்த வார்த்தை. நான் பயந்துபோனேன். கன்னடத்தில் கட்டின வீடு சரிந்துவிடும் என்று பயம். “அதெல்லா பேடா. கன்னடதல்லி மாதாடு” என்று, தமிழே வேண்டாமென்று எல்லோர் முன்னாலும் அதட்டினேன். நீ மிஷினை அணைத்துவிட்டு, அடுக்கி வைத்த நாற்காலிகளுக்குப் பின்னால் போய் உட்கார்ந்துகொண்டாய். தாலி கட்டும்போதுகூட வரவில்லை. அதற்குள் நீ கன்னடத்தில் கதை எழுதிப் பரிசு வாங்கிய பையன். உன் வீடு எப்போதோ உறுதியாகிவிட்டது, நான்தான் இன்னும் முட்டுக்கொடுத்துக்கொண்டு நின்றேன். அன்றைக்கு “ஆச்சுப்பா, நீ சாப்பிட்டியா?” என்று கேட்டிருந்தால், பதினைந்து வருஷம் முன்னாலேயே உனக்குத் தமிழ் வந்திருக்கும். அந்தத் தப்புக்கு உன்னிடம் மன்னிப்புக் கேட்கிறேன். ஆஸ்பத்திரியின் மேல் போட மாட்டேன், காலத்தின் மேலும் போட மாட்டேன். என் தப்புத்தான்.

கல்யாணத்துக்கு முன்னால் அம்மா சொல்கிற புத்தி என்று ஏதாவது வேண்டுமே. சுகன்யா சொன்னது கேட்கவில்லை என்றால் கேட்கவில்லை என்று சொல். சும்மா தலையாட்டாதே. நீ தலையாட்டுவது எனக்குத் தெரியும், அவளுக்கும் சீக்கிரம் தெரிந்துவிடும். இன்னொன்று, சண்டை வந்தால் மிஷினைக் கழற்றி வைக்கிற பழக்கத்தை விட்டுவிடு. எங்களோடு வைத்துக்கொண்டாய், பொறுத்துக்கொண்டோம். பெண்டாட்டியிடம் அது செல்லாது. அவள் கத்துவதைக் கடைசி வரை கேள். அதைக் கேட்பதற்காகத்தான் இவ்வளவு பாடுபட்டோம்.

போன செவ்வாய்க்கிழமை அப்பாவும் நானும் பத்திரிகை வைக்கத் தோரனஹள்ளி போனோம். அங்கிருந்து உன்னை வீடியோவில் கூப்பிட்டது உனக்கு நினைவிருக்கும். நான் எப்போதும்போல் கன்னடத்தில் ஆரம்பித்தேன். ஒலிபெருக்கியில் ஜெபம், கூட்டம், யாரோ ஒரு குழந்தையின் அழுகை. நீ முகத்தைச் சுளித்து, காதில் கை வைத்து, “அம்மா, ரொம்ப சத்தமா இருக்குங்க. கொஞ்சம் வெளிய வந்து பேசுங்க” என்றாய். தமிழில். நீ வாய்விட்டுத் தமிழ் பேசி, அந்தக் கல்யாண வீட்டுக்கு அப்புறம் அன்றைக்குத்தான் கேட்டேன். அதுவும் சத்தம் தாங்கவில்லை என்கிறாய்! போனை அப்பாவிடம் கொடுத்தேன். உன்னோடு பேசி முடித்துவிட்டு அவர் என்னிடம், “பெத்த தாய வாங்க, போங்கங்கறான் பாரு. பேங்க் மேனேஜரோட பேசற மாதிரியே இருக்குது” என்று சிரித்தார். சிரித்துக்கொண்டே தோள் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

ஆபீஸில் பழகின தமிழ் அப்படித்தான் இருக்கும் மாதேசு. தப்பில்லை. மீதியை நான் சொல்லித் தருகிறேன். மாமியாருக்கு ‘வாங்க’ சொல்லு, மாமனாருக்குச் சொல்லு. நம் பக்கத்தில் அம்மாவை யாரும் ‘வாங்க’ என்று கூப்பிடுவதில்லை. “வா” என்று கூப்பிடு. “போ, உனக்கு ஒண்ணும் தெரியாது” என்று சண்டை போடு. சனிக்கிழமை பஸ் ஏறி வா, அந்த ‘வா’விலிருந்தே ஆரம்பிக்கலாம்.

உன்
அம்மா